காய்ச்சல் இல்லாமலே வந்த கிருமித் தொற்று

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. நான் இன்னும் கல்லீரல் நோயாளிகளின் வார்டில்தான் வேலை செய்கிறேன். ஓய்வு பெறும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

காய்ச்சலே இல்லாதவருடைய இரத்தத்தில் கிருமி எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய். குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அதில் கலந்து வரும் கிருமிகளை அங்குள்ள குப்ஃபர் செல்கள் பிடித்து விழுங்கிவிடும். அண்ணனைப் போல சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) முற்றியவர்களுக்குக் குடலின் சுவர் தளர்ந்து கிருமிகள் அதிகமாகக் கசிகின்றன. இறுகிப்போன கல்லீரலுக்குள் நுழைய வழியில்லாத இரத்தத்தில் ஒரு பகுதி பக்க நாளங்கள் வழியாக நேரே இதயத்தை அடைந்துவிடுவதால், அவை வடிகட்டப்படாமலே உடலெங்கும் பரவுகின்றன. அண்ணனுடைய இரத்தத்தில் வளர்ந்த ஈ.கோலையும் குடலில் வாழும் கிருமிதான்.

இவர்களிடம் வழக்கமான அறிகுறிகளை நம்ப முடியாது. வீங்கிய மண்ணீரல் வெள்ளணுக்களைத் தேக்கிக்கொள்வதால், சாதாரண நாளிலேயே ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 2,500 மட்டுமே இருப்பவருக்குத் தொற்றின்போது 7,000 என்று வந்தால் அறிக்கை அதை இயல்பு என்றே காட்டும். தொற்றின்போது இரத்தத்தில் உயரும் சிஆர்பி புரதமும் கல்லீரலில் உருவாவது என்பதால், நோய் முற்றியவர்களுக்கு அது எதிர்பார்த்த அளவு உயராமல் போகலாம். பகலில் தூங்கி இரவில் விழித்திருந்ததையும், பேச்சு குழறியதையும், சிறுநீர் குறைந்ததையும் கவனித்து, அன்றே அழைத்துப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அண்ணிதான் அவரைக் காப்பாற்றினார் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசிக்கு முன்பே பிளட் கல்ச்சருக்கு (இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இரத்தம் எடுத்தது நல்ல முடிவு. அதனால்தான் பிறகு மருந்தைச் சரியாக மாற்ற முடிந்தது. இந்த நோயில் வயிற்றுக்குள் தேங்கும் நீரைச் சோதனைக்கு எடுக்க மறுநாள் வரை காத்திருந்ததுதான் எனக்கு வருத்தம். இரத்தம் உறையும் நேரம் நீண்டிருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அந்த நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோஃபில்களோ (ஒரு வகை வெள்ளணுக்கள்) அதற்கு மேலோ இருந்தால், கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார்கள். சிறுநீரகத்தைக் காக்க, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் நாள் 1.5 கிராமும் மூன்றாம் நாள் 1 கிராமும் அல்புமின் என்ற புரதம் ஏற்றுவது வழக்கம். அண்ணனுக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்.

வயிற்று நீரில் ஒருமுறை தொற்று வந்தவருக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், தடுப்பு மருந்து தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் கேள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை இன்னும் தேவைதானா என்பதையும் கேட்டுவிடு. அதுவும் தொற்றுக்கு இடம் கொடுக்கக்கூடும். வலி மாத்திரைகளை அவர் தானாக வாங்கி விழுங்க வேண்டாம்.

அடுத்த பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு வந்தது என்று எழுது. அண்ணிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் நண்பன்