வெட்டக்கூடாத வெப்ப கேபிளை வெட்டச் சொன்ன குறிப்புத்தாள்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: ஊர்வன வளர்ப்பு ரேக்குக்கான வெப்ப கேபிள், அதன் தவறான செய்முறைக் குறிப்பு, அதனால் பாம்புக்கு ஏற்பட்ட சூட்டுக்காயம்

ஐயா / அம்மா,

பாம்பு டப்பாக்களை அடுக்கி வைக்க வீட்டிலேயே பிளைவுட்டில் செய்த இரண்டு ரேக்குகளுக்காக, 7 மீட்டர் நீளமுள்ள உங்கள் 50 வாட் வெப்ப கேபிளையும், சூட்டைக் கட்டுப்படுத்தும் இரண்டு தெர்மோஸ்டாட்டுகளையும் வாங்கினேன். நடந்ததை எழுதி நான் அனுப்பிய முதல் புகாருக்கு, "தவறான பயன்பாடு, உத்தரவாதம் பொருந்தாது" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறீர்கள். அதை என்னால் ஏற்க முடியாது. நான் செய்தது எல்லாம் உங்கள் குறிப்புத்தாளில் அச்சாகியிருப்பதுதான்.

அந்தத் தாளின் தலைப்பே "டேப், கேபிள் இரண்டுக்குமான செய்முறை". டேப் என்பது வெப்பம் தரும் தட்டையான பட்டை. உள்ளே, தேவையான நீளத்துக்கு வெட்டி, முனைகளை உடன் இருக்கும் இணைப்பான்களால் மின்வயரோடு இணைக்கச் சொல்கிறது. கேபிளை இரண்டாக வெட்டி ரேக்குக்கு ஒன்றாகப் போடலாமா என்று உங்கள் உதவி எண்ணிலும் கேட்டேன். தாராளமாகப் போடலாம் என்றார்கள். அப்புறம்தான் வெட்டினேன்.

டேப்பை வெட்டலாம், சரி. அதன் இரு ஓரங்களிலும் செம்புப் பட்டைகள் ஓடுகின்றன; நடுவில் கார்பன் கோடுகள் ஏணிப்படி மாதிரி குறுக்கே இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் முழு மின்னழுத்தமும் தனித்தனியாகக் கிடைக்கிறது. குறித்த கோட்டில் வெட்டினால் படிகள் குறையும், அவ்வளவுதான். மீதியின் சூடு மாறாது.

நீங்கள் விற்ற கேபிள் அப்படிப்பட்டதல்ல. அது முனைக்கு முனை ஒரே மின்தடைக் கம்பி. நீளம் பாதியானால் தடையும் பாதியாகும். அதே மின்னழுத்தத்தில் மின்னோட்டம் இரண்டு மடங்காகும். 7 மீட்டரில் 50 வாட் தந்த கம்பி, 3.5 மீட்டரில் 100 வாட் தரும். மீட்டருக்கு சுமார் 7 வாட்டாக இருந்தது 28 வாட்டைத் தாண்டிவிடும், அதாவது நான்கு மடங்கு. கேபிள் செய்து விற்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"தெர்மோஸ்டாட் இருந்ததே, அது பார்த்துக்கொள்ளுமே" என்று உங்கள் ஆள் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். தெர்மோஸ்டாட்டுக்குத் தெரிவது சென்சார் இருக்கும் இடத்தின் சூடு மட்டும்தான். பலகையில் காடி வெட்டி கேபிளைப் பதித்து, இரண்டு காடிகளுக்கு நடுவே சென்சாரை ஒட்டச் சொல்கிறது உங்கள் தாள். மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நடுப்பகுதி சூடேறி சென்சாருக்குச் செய்தி போவதற்குள் கேபிள் எங்கேயோ போய்விடுகிறது. மீட்டருக்கு 7 வாட் என்றால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நான்கு மடங்கில் அது தோலைப் பொசுக்கும்.

காலி டப்பாக்களை வைத்து முதலில் ஓடவிட்டுப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் திரை 30 டிகிரியிலேயே நின்றது. சோளப் பாம்புக்கு அது சரியான அளவு என்பதால் பாம்புகளை உள்ளே விட்டேன். பிறகு ஒரு காலை, அறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. டப்பாவை இழுத்தால் வரவில்லை. அடிப்பகுதி இளகி, காடியின் தடத்திலேயே பலகையோடு ஒட்டியிருந்தது. அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டியபோது கேபிளின் மேல் 70 டிகிரிக்கு மேல் இருந்தது. அப்போதும் திரையில் 31தான்!

பாம்பைத் தூக்கித் திருப்பினேன். வயிற்றுச் செதில்களின் குறுக்கே, கேபிளின் அகலத்துக்கே, செக்கச்செவேலென்று ஒரு கோடு. அதன் ஒரு முனையில் நீர்கோத்த கொப்புளம். தரை சுட்டால் பாம்பு தானே நகர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நகராமல் அதன்மேலேயே கிடந்து வெந்துபோவது ஊர்வன வளர்ப்பவர்களுக்கும் அவற்றைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம். மருந்து பூசி, விரிப்பை எடுத்துவிட்டு வெறும் காகிதத்தில் வைத்திருக்கிறோம். பல முறை தோல் உரித்த பிறகுதான் செதில் சீராகும் என்கிறார் மருத்துவர். என் கையை நம்பி வாழும் உயிர் அது. அது பட்ட வேதனையை "தவறான பயன்பாடு" என்ற இரண்டு சொல்லில் நீங்கள் மூடப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதே தாளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. டேப்பை அலுமினிய ஒட்டுநாடாவால் ஒட்டச் சொல்கிறீர்கள். வெட்டிய ஓரத்தில் செம்புப் பட்டை வெளியே தெரியும். அதை முதலில் காப்பிட்டு மூட வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. அலுமினியம் அதில் பட்டால் ஷார்ட் ஆகும், தொடுபவருக்கு ஷாக் அடிக்கும்.

இந்தக் குறிப்புத்தாளோடு கேபிள் விற்பதை உடனே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு "கேபிளை வெட்டாதீர்கள், வெட்டியிருந்தால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள்" என்று தகவல் அனுப்புங்கள். மற்ற எதையும்விட எனக்கு இதுதான் அவசரம். இதே தாளைப் படித்து, தூங்கும் வீட்டில் இதே கேபிளை இரவெல்லாம் ஓடவிட்டிருப்பவர்கள் இருப்பார்கள். டேப்புக்கும் கேபிளுக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். எச்சரிக்கையைப் பெட்டியில் மட்டும் போடாமல் கேபிளின் மேலேயே அச்சிடுங்கள். உதவி எண்ணில் பேசுபவர்களுக்கு இந்த இரண்டின் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுங்கள்.

பொருட்களின் விலையையும், பாம்பின் சிகிச்சைச் செலவையும், உருகிய டப்பாக்களுக்கும் கருகிய பலகைகளுக்குமான தொகையையும் நீங்கள் தர வேண்டும். ரசீதுகளின் நகலையும் படங்களையும் இணைத்துள்ளேன். கேபிள் துண்டுகளும் குறிப்புத்தாளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பொறியாளர் வந்து பார்க்கலாம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் இதே ஆதாரங்களோடு முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்