"கண் பார்த்தாச்சாம்மா?" என்று கேட்ட சிஸ்டருக்கும் மற்றவர்களுக்கும்

எங்கள் மகன் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1,350 கிராம். பிறந்த மருத்துவமனையில் இன்குபேட்டரிலும் ஆக்சிஜனிலும் வைத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் 22ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது கண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் எடையைப் பார்த்ததுமே, "கண் பார்த்தாச்சாம்மா?" என்றார். நல்லா முழிச்சுப் பார்க்கிறானே சிஸ்டர் என்றேன். "அது இல்லம்மா. ரெண்டு கிலோவுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு 30 நாளுக்குள்ள விழித்திரையைப் பார்த்தே ஆகணும்" என்று சொல்லி, திண்ணையில் உட்கார்ந்தபடியே போன் செய்து, மறுநாளே மதுரைக்குப் போக ஏற்பாடு செய்தார்.

மதுரையில் கண் டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு வளர்ந்து, பிரசவ நாள் நெருங்கும்போதுதான் விளிம்பைத் தொடுமாம். முன்கூட்டியே பிறந்த பிள்ளைக்கு அது பாதியில் நின்றுவிடுகிறது. குழாய் போய்ச் சேராத ஓரம் ரத்தம் வேண்டி ஒரு பொருளைச் சுரக்க, தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை முற்றினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் இந்த விழித்திரை நோய்க்கு ஆர்ஓபி என்று பெயர். வெளியே பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும்.

அப்புறம் வாராவாரம் மதுரைதான். சொட்டு மருந்து விட்டு, இமையை கிளிப்பால் விரித்துப் பார்க்கும்போது அவன் அலறுவான். நான் வெளியே போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் அவன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்த செவிலியர் தங்கைக்கு என்ன சொல்வது! ஆறாவது வாரம் குழாய்கள் புடைத்து முறுக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, மறுநாளே இரண்டு கண்ணுக்கும் லேசர் வைத்தார்கள். குழாய் இல்லாத அந்த ஓரத்தைச் சுட்டுவிட்டால் சுரப்பு அடங்கும் என்றார் டாக்டரம்மா. சில பிள்ளைகளுக்குக் கண்ணுக்குள் ஊசியும் போடுவார்களாம். லேசர் முடியும்வரை அவன் மூச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்ற மயக்க மருந்து டாக்டருக்கும் நன்றி.

விடியுமுன் கார் எடுத்து, பெட்ரோல் காசுகூட வாங்காத பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், இரவெல்லாம் பேரனை நெஞ்சோடு அணைத்துக் கிடந்த என் அத்தைக்கும் நன்றி.

இப்போது அவனுக்கு இரண்டு வயது. கண்ணாடி போட்டிருக்கிறான். சிஸ்டர், போன வாரம் உங்கள் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, நாங்கள் யாரும் பார்ப்பதற்கு முன்னால், "ஊசி அத்தை" என்று கை நீட்டினான்.