ஆபரேஷன் முடிஞ்ச பிறகுதான் ஆள் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பூனைக்கு கருத்தடை ஆபரேஷன் காலைலயே முடிஞ்சும் சாயங்காலம் வரைக்கும் அனுப்பலன்னு ஒரு வாசகர் கோவமா எழுதியிருந்தார். நான் பிராணிகள் கிளினிக்ல, மயக்கத்துல இருக்குற நாய் பூனைங்கள பக்கத்துல நின்னு பாத்துக்குற வேலைல இருக்கேன், அதனால எழுதாம இருக்க முடியல.

பிரிட்டன்ல 2002லருந்து 2004 வரை பெரிய ஆய்வு ஒண்ணு பண்ணாங்க, சுமார் 98,000 நாய், 79,000 பூனை. மயக்க மருந்தோட தொடர்பா நாய்ல ஏறக்குறைய 600க்கு 1, பூனைல 400க்கு 1 செத்துப்போச்சு. செத்த பூனைங்கள்ல 100க்கு 61, ஆபரேஷன் முடிஞ்ச பிறகு செத்ததுங்க, அதுலயும் பாதிக்கு மேல முதல் 3 மணி நேரத்துக்குள்ள. ஏன்னா டேபிள்ல இருக்குறப்ப தொண்டைல டியூப் இருக்கு, ஆக்சிஜன் போகுது, நாக்குல கிளிப் மாட்டி மெஷின் பாத்துட்டே இருக்கு. முடிஞ்சதும் எல்லாத்தையும் கழட்டிடுறோம், ஆனா மருந்து இன்னும் உடம்புல தான் இருக்கு. வயித்து முடிய மழிச்சு ஸ்பிரிட் தடவுனதுல சின்ன உடம்பு சில்லுன்னு ஆயிடும், சில்லுன்னு ஆனா மருந்து கரையவும் லேட்டாகும்.

வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பூனைய கூண்டுல படுக்க வச்சுட்டு நோட்டுல எழுத திரும்பினேன், ஒரு நிமிஷம் கூட இருக்காது, பாத்தா போர்வை மடிப்புல தலை கீழ மடங்கி நாக்கு ஊதா கலருக்கு போயிடுச்சு. கழுத்த நேராக்கி நாக்க வெளிய இழுத்து மாஸ்க் வச்சதும் மெதுவா ரோஸ் திரும்புச்சு. கை நடுக்கம் நிக்க ரொம்ப நேரமாச்சு. அன்னைலருந்து தலைய தானா தூக்கி உக்கார்ற வரைக்கும் எந்த பூனைய விட்டும் நான் நகர்றதில்ல.

இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போட சொன்னா பாவம்னு ஒரு வாய் குடுத்துட்டு எங்ககிட்ட மறைக்காதீங்க. சொல்லிட்டா ஆபரேஷன தள்ளி வச்சுக்கலாம், மறைச்சா மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போயிடலாம். முயல் மட்டும் வேற கதை, அதால வாந்தி எடுக்கவே முடியாது, குடல் நின்னா தான் ஆபத்து, அதனால அத பட்டினி போடவே கூடாது.

அந்த வாசகர் அன்னைக்கு ராத்திரி பூனைய உயரமான இடத்துல ஏற விடாம பாத்துக்கிட்டாரான்னு தெரியல. நல்லா முழிச்ச மாதிரி தெரியும், ஆனா பின்னங்கால் இன்னும் தள்ளாடும், குதிச்சா விழுந்துடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி