வெஸ்ட்ஃபீல்ட் ஸ்டேஷன் பெஞ்சு

அன்புள்ள தம்பிக்கு,

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி உன் மனைவி போன் செய்தாள். மூன்று மாதமாக நீ வேலையில் இல்லை என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்ததாம். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பியிருக்கிறாய். அவள் கோபமாகப் பேசவில்லை. "மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்னு நினைச்சுட்டே இருக்கேன் மாமா" என்றாள். போனில் பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

அவள் சொல்லி முடித்ததும் எனக்கு வெஸ்ட்ஃபீல்ட் ஸ்டேஷன்தான் கண்ணில் வந்தது. நியூஜெர்சியில் நான் 22 வருஷம் ராரிட்டன் வேலி ரயிலில் வேலைக்குப் போனவன். ஃபேன்வுட் தாண்டியதும் வெஸ்ட்ஃபீல்ட். மரங்கள் நிறைந்த, வசதியான ஊர். அங்கே ஏறும் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் பல வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஒரு நவம்பர் மாதக் காலையில், ரயில் கிளம்பும்போது பிளாட்பாரத்தைக் காட்டி, "அந்த ஆள் இங்கேதான் உட்கார்ந்திருப்பான்" என்றார்.

அந்த ஆள் ஜான் லிஸ்ட். கணக்கர். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். 19 அறைகள் கொண்ட மாளிகை மாதிரி வீடு. ஜெர்சி சிட்டியில் வங்கி வேலை போனதை வீட்டில் சொல்லாமல், காலையில் கோட்டு போட்டுக் கிளம்பி, ஸ்டேஷனில் பேப்பர் படித்துக்கொண்டு பொழுதைக் கழித்திருக்கிறான். கடனை அடைக்கத் தன் தாயின் கணக்கிலிருந்தே பணம் எடுத்திருக்கிறான். 1971 நவம்பர் 9ஆம் தேதி மனைவியையும், 84 வயதுத் தாயையும், 16, 15, 13 வயதில் இருந்த மூன்று பிள்ளைகளையும் சுட்டுக் கொன்றான்.

உன்னை அவனோடு சேர்த்துப் பார்க்கிறேன் என்று ஒரு நொடிகூட நினைத்துவிடாதே. நீ எறும்பைக்கூட மிதிக்காமல் தாண்டிப் போன பிள்ளை. நான் சொல்ல வருவது வேறு. கொஞ்சம் பொறுமையாகப் படி.

அவன் பாலை நிறுத்தச் சொன்னான். பேப்பரை நிறுத்தினான், தபாலை நிறுத்தினான். குடும்பத்தோடு வட கரோலினாவில் உடம்பு சரியில்லாத உறவினரைப் பார்க்கப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் எழுதினான். வீட்டில் இருந்த குடும்பப் படங்களில் தன் உருவத்தை மட்டும் நீக்கினான். விளக்குகளையெல்லாம் போட்டு, வீடு முழுக்கக் கேட்கும்படி பாட்டு ஓடவிட்டுக் கிளம்பிப் போனான். "கடன் தாங்காமல் மூளை கலங்கிவிட்டது" என்று இப்போதும் சிலர் பரிதாபமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. மூளை கலங்கியவன் பால் கணக்கை நினைவு வைத்து நிறுத்துவானா? கடனில் மூழ்கியவர்கள் உலகத்தில் எத்தனை கோடிப் பேர்! அவர்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், சுடுவதில்லை. போதகருக்கு எழுதி வைத்த ஐந்து பக்கக் கடிதத்தில், அவர்களுடைய ஆன்மாவைக் காப்பாற்றுவதற்காகச் செய்ததாக எழுதியிருந்தான். செத்துப் போனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

ஏறக்குறைய ஒரு மாதம் யாருக்கும் தெரியவில்லை. பெரியவருக்கு அப்போது 14 வயது, இரண்டு தெரு தள்ளி வீடு. சாயங்காலம் சைக்கிளில் அந்த வழியாகப் போவாராம். வீடு முழுக்க வெளிச்சம். பிறகு ஒரு ஜன்னல் இருட்டாயிற்று, சில நாள் கழித்து இன்னொன்று. பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்து தீர்ந்துகொண்டிருந்தன. "நான் பார்த்தேன். ஊரே பார்த்தது. பெரிய வீட்டுக்காரர்கள், ஏதோ பயணம் போயிருக்கிறார்கள், நமக்கென்ன என்று இருந்துவிட்டோம்" என்று சொல்லும்போது, இத்தனை வருஷம் கழித்தும் அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், மூத்த பெண்ணுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர்கள் மனசு கேட்காமல் டிசம்பர் 7ஆம் தேதி அந்த வீட்டுக்கு வந்தார்கள். போலீசும் வந்தது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "எங்க அப்பா ரொம்ப நல்லவர். ஆனா அந்தக் குளிர்காலம் முழுக்க, ராத்திரி அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டா நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு படுத்திருப்பேன்." வகுப்பில் மற்ற பையன்களும் அப்படித்தானாம். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வளர்ந்து கல்யாணமான பிறகுதான் ஒருவருக்கொருவர் சொன்னார்களாம். அது ஐந்து உயிர்களோடு முடிந்துபோகவில்லை பார், தம்பி. அந்த ஊரில் எத்தனை பிள்ளைகள் தகப்பனின் காலடிச் சத்தத்துக்குப் பயந்து கிடந்திருப்பார்கள்! அந்தத் தகப்பன்களில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்குமா?

பெரியவரின் தாயார் வேறு மாதிரி மாறிப்போனாராம். தெருவில் எந்த வீட்டிலாவது இரண்டு நாள் திரை விலகாமல் இருந்தால் போய் மணி அடித்துவிடுவார். திட்டு வாங்கிக்கொண்டு வருவார். மறுபடியும் போவார். சாகும்வரை அப்படியே இருந்தாராம்.

அந்த வீடு 1972 ஆகஸ்டில் தீப்பிடித்து எரிந்துபோனது. யாரோ வைத்த தீ, யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பிறகு அதே இடத்தில் வேறு வீடு கட்டினார்கள். ஆனால் ஆள் அகப்படவில்லை. ஏறக்குறைய 18 வருஷம் வேறு பெயரில், மறுபடியும் கணக்கு எழுதிக்கொண்டு, பிற்பாடு இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டு வாழ்ந்திருக்கிறான். 1989இல், வயதானால் எப்படி இருப்பான் என்று களிமண்ணில் செய்த தலையைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வேறு பெயரில் இருந்தபோது அவனுக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அடையாளம் கண்டு சொல்ல, ஜூன் 1ஆம் தேதி வர்ஜீனியாவில் பிடித்தார்கள். ஐந்து ஆயுள் தண்டனை. 2008இல் செத்தான். கைது செய்தியைக் கேட்டபோது பெரியவருக்கு 32 வயது. வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல், தன் அப்பாவுக்குப் போன் போட்டாராம்.

இப்போது என் விஷயம். இதை உன்னிடம் சொன்னதே இல்லை. 2009இல் என் வேலை போனது. நீ அப்போது காலேஜில் இரண்டாம் வருஷம். 11 நாள் நான் வீட்டில் சொல்லவில்லை. அதே ரயிலில் ஏறி, நியூவார்க் பென் ஸ்டேஷனில் இறங்கி, நீளமான மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். போகும்போதும் வரும்போதும் வெஸ்ட்ஃபீல்டைக் கடக்க வேண்டும். வண்டி நின்றால் ஜன்னல் பக்கம் திரும்பமாட்டேன். நான் கெட்டவனில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் வீட்டில் இருப்பவர்கள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டே போனது. அம்மா பேசினால் எங்கோ இருந்து பேசுவது போல் கேட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உனக்கும் இந்த மூன்று மாதத்தில் அப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மாதம் பிறந்ததும் நான் மாதப் பாஸ் எடுக்கவில்லை, அன்றன்றைக்குச் சீட்டு வாங்கினேன். துணி துவைக்கும்போது சட்டைப் பையில் சீட்டுத் துண்டுகளைப் பார்த்துவிட்டாள் உன் அம்மா. "ஏன் பாஸ் எடுக்கலை?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து, "பேங்க்ல எவ்வளவு இருக்கு, சொல்லுங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது.

உன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. எங்களிடம் சொல்ல முடியாதபடி நாங்கள் வளர்த்துவிட்டோமோ என்றுதான் அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நீ எப்போது முதல் மார்க் வாங்கினாலும் அதை ஊரெல்லாம் சொன்னவன் நான். தோற்றபோது என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை காலை விமானத்தில் இருவரும் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, வேண்டாம் என்று சொல்லாதே. வீட்டுக் கடன் காகிதம், கார்டு பில் எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்து வை. அம்மா நோட்டைப் பெட்டியில் வைத்துவிட்டாள். பேத்தியிடம் தாத்தா வருகிறார் என்று மட்டும் சொல். நாங்கள் மணி அடிக்கும்போது நீயே வந்து கதவைத் திற.

அன்புடன்,
அப்பா