விலங்கியல் துறையின் மாதிரிகளையும் செய்முறைக் கூடத்தையும் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
விலங்கியல் துறை மாணவர்கள் மற்றும் ஆய்வு மாணவர்கள்,
அரசுப் பல்கலைக்கழகம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை.

பொருள்: விலங்கியல் துறை அருங்காட்சியக மாதிரிகளைப் பராமரிக்கவும், காப்பாளர் பணியிடத்தை நிரப்பவும், ஆய்வகக் காற்றோட்டத்தைச் சீர்செய்யவும் வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். எங்கள் துறை அருங்காட்சியகத்தின் கண்ணாடி ஜாடிகளில் திரவம் வற்றிவருகிறது. பல ஜாடிகளில் மீனின் தலையும் முதுகுத் துடுப்பும் திரவத்துக்கு வெளியே நின்று காய்ந்துவிட்டன. செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக, அதாவது மாணவர் பார்த்து அடையாளம் காண வேண்டிய பொருளாக, வைக்கப்படுவது இந்த மாதிரிகள்தாம். விலங்குகளை அறுத்துப் பார்க்கும் பயிற்சி குறைந்துபோன நிலையில், ஓர் உயிரினத்தின் உடலமைப்பை மாணவர் நேரில் காண வேறு வழியும் இல்லை.

எடுத்துக்காட்டாக, நாகத்தில் மேலுதட்டின் மூன்றாம் செதில் கண்ணையும் நாசிச் செதிலையும் தொட்டுநிற்கும். கட்டுவிரியனில் முதுகின் நடுவரிசைச் செதில்கள் மட்டும் அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். அதன் கீழுதட்டுச் செதில்களில் நான்காவதே பெரியது. நச்சுப்பாம்பை அடையாளம் காணும் பாடமே இதுதான். தோல் சுருங்கிச் செதில் சுருண்டுபோன பாம்பில் இவற்றில் ஒன்றையும் காட்ட முடியாது.

தேர்வு நெருங்கும்போது ஜாடிகளில் அவசரமாக 70 விழுக்காடு ஆல்கஹால் ஊற்றி நிரப்பப்படுகிறது. இது தீர்வாகாது. ஜாடியிலிருந்து நீரைவிட ஆல்கஹாலே வேகமாக ஆவியாகிறது. எனவே எஞ்சிய திரவம் ஏற்கெனவே நீர்த்துப்போயிருக்கும். அதில் 70 விழுக்காட்டை ஊற்றினால் மொத்தம் 70-ஐ எட்டாது. செறிவு 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் திசு அழுகத் தொடங்கும். முதலில் ஹைட்ரோமீட்டரால் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) செறிவை அளந்து, குறைவுக்கு ஏற்ப அடர்ந்த ஆல்கஹாலைச் சேர்க்க வேண்டும், அல்லது திரவம் முழுவதையும் மாற்ற வேண்டும். 95 விழுக்காடு ஆல்கஹால் 737 மில்லியை எடுத்துக் காய்ச்சி வடித்த நீரால் ஒரு லிட்டராக்கினால் 70 விழுக்காடு கிடைக்கும். கணக்கு எளிதுதான், அதை ஜாடிதோறும் ஆண்டு முழுவதும் செய்ய ஓர் ஆள் வேண்டும். துருப்பிடித்த உலோக மூடிகளை மாற்றாதவரை எவ்வளவு ஊற்றினாலும் வற்றத்தான் செய்யும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு வாயுவை நீரில் கரைத்த கரைசல்) உள்ள ஜாடிகளின் நிலை இன்னும் மோசம். ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துப் பத்து விழுக்காட்டுக் கரைசலாகப் பயன்படுத்துகிறோம். அமிலத்தன்மை கூடாமல் காக்கும் தாங்கல் உப்புச் சேர்க்காமல் விட்டால் அதில் நாளடைவில் ஃபார்மிக் அமிலம் உருவாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். நட்சத்திர மீனின் தோலுக்குள் இருக்கும் தகடுகள், நத்தை ஓடு, மீனின் செவிக்கல் எல்லாம் அரிக்கப்படுகின்றன. வெளியே முழுமையாகத் தெரியும் நட்சத்திர மீன் கையில் எடுத்தால் துவண்டுவிழுகிறது. லிட்டருக்கு 4 கிராம் மோனோசோடியம் பாஸ்பேட்டும் 6.5 கிராம் டைசோடியம் பாஸ்பேட்டும் சேர்த்தாலே இதைத் தடுக்கலாம். நீண்ட காலம் வைக்க வேண்டியவற்றை நீரில் ஊறவைத்துக் கழுவி, 30, 50, 70 விழுக்காடு எனப் படிப்படியாக ஆல்கஹாலுக்கு மாற்றுவதே முறை. படிகளைத் தாண்டினால் உடல் சுருங்கிவிடும்.

ஃபார்மால்டிஹைடைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. ஆய்வகத்தில் ஜன்னலைத் திறந்துவைப்பதைத் தவிர வேறு காற்றோட்ட ஏற்பாடு இல்லை. ஜாடியைத் திறந்தவுடன் கண்ணும் தொண்டையும் எரிகின்றன. அதே அறையில்தான் பல மணி நேரம் செய்முறை வகுப்பு நடக்கிறது.

பூச்சிப் பெட்டிகளில் நாஃப்தலீன் உருண்டை மட்டும் போடப்படுகிறது. அது வண்டுகளை வராமல் ஓரளவு தடுக்குமே தவிர, உள்ளே புகுந்து, உலர்ந்த பூச்சி உடல்களைத் தின்னும் டெர்மெஸ்டிட் வண்டின் புழுக்களைக் கொல்லாது. பெட்டியைப் பாலித்தீன் உறையில் காற்றுப்புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் ஒரு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். இதற்கு ஒரு டீப் ஃப்ரீசர் போதும்.

எங்களை மிகவும் வருத்துவது பெயர்ச்சீட்டுகளின் இழப்பு. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை ஆல்கஹாலில் கரைந்துவிட்டன. வெளியே ஒட்டியவை உதிர்ந்துவிட்டன. பிடித்த இடமும் தேதியும் தெரியாத மாதிரி வகுப்புக்கு உதவலாம், ஆய்வுக்கு உதவாது. ஓர் இனம் ஒரு காலத்தில் எங்கே வாழ்ந்தது என்பதற்கு அந்தச் சீட்டே சான்று. தவிர, சில சுறாக்கள், கடற்குதிரைகள், பவளங்கள் போன்றவை இன்று சட்டப் பாதுகாப்பில் உள்ளன. கெட்டுப்போனால் நிதி ஒதுக்கியும் அவற்றைத் திரும்பப் பெற முடியாது.

ஆகவே, காலியாக உள்ள அருங்காட்சியகக் காப்பாளர் பணியிடத்தை விலங்கியல் படித்து, பதப்படுத்தும் முறையில் பயிற்சி பெற்றவரைக் கொண்டு நிரப்ப ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் முதல் கோரிக்கை இதுவே. ஆள் இல்லாமல் பொருள் மட்டும் வாங்கித் தருவது பயன்தராது. ஆல்கஹால், தாங்கல் உப்புகள், இறுக மூடும் கண்ணாடி ஜாடிகள், பருத்திக் காகிதச் சீட்டு, கரையாத மை ஆகியவற்றுக்குத் தனிக் கணக்குத் தலைப்பில் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கி, தேர்வுக் காலத்துக்குக் காத்திராமல் இரு தவணைகளாக விடுவிக்க வேண்டும். புகையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுசெல்லும் குழாயுடன் ஃப்யூம் ஹூட் (நச்சுப்புகையை உறிஞ்சும் கூண்டு) பொருத்தவும், அதுவரை ஃபார்மலினைத் திறந்து கையாளும் வகுப்புகளை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறோம்.

எஞ்சிய மாதிரிகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, படிக்க முடிகிற சீட்டுகளைப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை மாணவர்களாகிய நாங்களே செய்துதர அணியமாக உள்ளோம். அதற்கு அருங்காட்சியகத்தை விடுமுறை நாட்களில் திறந்துவைக்க அனுமதி ஆணை மட்டும் தேவை. கோடை வெப்பத்தில் ஆவியாதல் மிகும் என்பதால், அதற்கு முன்பாகவே ஆய்வுக்குழு ஒன்றை அனுப்பி நேரில் பார்வையிடச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
விலங்கியல் துறை மாணவர்கள் மற்றும் ஆய்வு மாணவர்கள்