கலியாணப் பேச்சுக்கு முன் ஒரு ரத்தச் சோதனை

கொழும்பு 06

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மகளின் ரத்த றிப்போட்டும் கிடைத்தன. மகளை உன் தங்கச்சியின் மகனுக்குப் பேசுவதில் எனக்கு நல்ல சந்தோசம். வெள்ளவத்தையில் பின்னேரமானால் மழை, கடற்கரைப் பக்கம் போகவே முடியவில்லை. மற்றப் புதினங்கள் இருக்கட்டும், முதலில் அந்த றிப்போட்.

சாதகம் பொருந்திவிட்டது, ரத்தக் குறூப்பும் இருவருக்கும் ஓ பொசிட்டிவ், இனி என்ன என்று கேட்டிருக்கிறாய். நான் யோசிக்கிற விஷயம் தலசீமியா, அதாவது ஈமோகுளோபின் போதியளவு உருவாகாத பரம்பரை ரத்த வருத்தம். அதற்கும் குறூப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஈமோகுளோபின் 11.2 என்பதை மட்டும் பார்த்து ஆறு மாதம் இரும்புக் குளிசை கொடுத்திருக்கிறார்கள், ஏறவில்லை. அதற்குக் கீழே உள்ள வரிகளைப் பார். எம்.சி.வி. (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) 66, எம்.சி.எச். (ஒவ்வொன்றிலும் உள்ள ஈமோகுளோபின்) 20. இவை 80க்கும் 27க்கும் குறையக் கூடாதவை. செங்குழியங்கள் சிறுத்து வெளிறியிருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை 5.6 மில்லியன். இரும்பு குறைந்தால் பெரும்பாலும் எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கும். 66ஐ 5.6ஆல் பிரித்தால் 11.8 வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியாக் காவியோ என்று பார்க்க வேண்டும். இது சந்தேகம் மட்டும்தான், முடிவல்ல. காவி என்றால் அந்தக் குறையைச் சுமந்தாலும் தனக்கு வருத்தம் இல்லாதவர்.

ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீற்றா குளோபினை உண்டாக்கும் பரம்பரையலகு (ஜீன்) 11ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. நம் நாட்டில் அடிக்கடி காண்கிற விகாரம் (பரம்பரையலகு மாற்றம்) ஒன்றில் மாறுவது ஒரேயொரு டி.என்.ஏ. எழுத்து: முதலாவது இடைத்துண்டின் ஐந்தாம் எழுத்தான ஜி, சி ஆகிவிடுகிறது. அந்த இடைத்துண்டை வெட்டி எறிந்துவிட்டு மற்றத் துண்டுகளைப் பொருத்த வேண்டிய கலத்துக்கு வெட்டும் இடம் பிசகுகிறது. புரதம் மிகக் கொஞ்சமாகவே உருவாகிறது. ஈமோகுளோபின் ஈ என்பது இன்னொன்று. அதில் 26ஆம் அமினோ அமிலம் மாறுகிறது, உற்பத்தியும் குறைகிறது. ஒரு பிரதி நன்றாக இருந்தால் ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது. காவிகளை மலேரியா அவ்வளவாக வாட்டாததால்தான், மலேரியா நெடுங்காலம் அலைக்கழித்த இந்தத் தீவில் இந்த விகாரங்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்தன. 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்று நமக்குக் கிடைத்தது. விகாரம் ரத்தத்திலேயே இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. மகளையும் மருமகனையும் ஒரே நாளில் கூட்டிப்போ. யார் முதலில் எடுப்பது என்ற பேச்சே எழாது. ஊதா மூடிக் குழாயில் ஆளுக்கு 3 மில்லிலீற்றர் போதும், வெறும் வயிறு தேவையில்லை. கொழும்புக்கு அனுப்புவதானால் ஐஸ் பெட்டியில் வை, ஆனால் உறையவிடாதே. உறைந்தால் செங்குழியங்கள் உடைந்துவிடும். கேட்க வேண்டிய சோதனைகள் மூன்று: ஃபுல் பிளட் கவுண்ட், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), எச்.பி.எல்.சி. (ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளப்பது). கடைசி நான்கு மாதத்துக்குள் யாருக்காவது ரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல், இல்லாவிட்டால் கொடுத்தவரின் ரத்தத்தையும் சேர்த்தே அளப்பார்கள்.

எச்.பி.எல்.சி.யில் ஏ2 (எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கிற ஈமோகுளோபின் வகை) என்ற வரி 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீற்றாக் காவி. அதே இடத்தில் 25, 30 என்று நின்றால் அது ஏ2 அல்ல, ஈமோகுளோபின் ஈ. இரண்டும் அந்த மெசினில் ஒரே இடத்தில்தான் வரும். பிழை நேர்கிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். இரும்புக் குறைபாடு ஏ2ஐ இறக்கிக் காட்டும். ஆகவே ஃபெரிட்டின் குறைந்து, ஏ2 3.2, 3.4 என்று எல்லையில் நின்றால், இரண்டு மூன்று மாதம் இரும்பு கொடுத்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஃபெரிட்டின் சரி, ஏ2வும் சரி, எம்.சி.வி. மட்டும் குறைவு என்றால் அல்பாத் தலசீமியாவாக (அல்பா குளோபின் குறைகிற வகை) இருக்கலாம், அதற்கு டி.என்.ஏ. சோதனை. மருமகனின் கவுண்ட் சரியாக இருக்கிறது என்று எச்.பி.எல்.சி.யை மட்டும் விட்டுவிடாதே. ஈக் காவிகளுக்கு எம்.சி.வி. கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கலாம்.

சொந்தத்துக்குள் செய்வது பிழையா என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். சொந்தம் விகாரத்தை உண்டாக்குவதில்லை. ஒரே விகாரம் இரண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்பைத்தான் கூட்டுகிறது. நீ காவி என்று வை. மகளுக்கு 1/2, தங்கச்சிக்கு 1/2, அவள் மகனுக்கு 1/4. இருவருமே காவியாக இருக்க 1/8. மகள் காவி என்று உறுதியானால் அது 1/4 ஆகிவிடும். அந்நியத்தில் செய்தாலும் மாப்பிள்ளை காவியாக இருக்கலாம், அங்கேயும் இதே சோதனைதான்.

ஒருவர் மட்டும் காவி என்றால் கலியாணத்தைத் தாராளமாக நடத்துங்கள். பிள்ளைக்கு இந்த வருத்தம் வராது. இருவரும் காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம். மூத்தது வருத்தத்தோடு பிறந்தால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது வெறும் பேச்சு. கர்ப்பத்தில் 11ஆம் கிழமையளவில் சோதிக்கலாம்தான். ஆனால் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க நம் சட்டம் விடாது. அதனால்தான் இப்பவே பார்க்கச் சொல்லி உன்னை நெருக்குகிறேன்.

கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு; உடம்பு நாளுக்கு வெளியேற்றுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். மிச்சம் இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்றக் குளிசை, அல்லது கிழமையில் ஐந்து இரவாவது எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் தோலுக்குக் கீழே பம்பால் மருந்து. ஈயும் பீற்றாவும் சேர்ந்த பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று ரத்தம் ஏற்றாமலே பள்ளிக்கூடம் போகும், இன்னொன்றுக்கு மாதாமாதம் ஏற்ற வேண்டும். எது எப்படி வரும் என்று பிறக்குமுன் சொல்வது கடினம்.

மகளுக்கு ஒரு வார்த்தை சொல். காவி என்றாலும் அவள் நோயாளி அல்ல, மருந்தும் வேண்டாம். ஃபெரிட்டின் குறைந்தாலொழிய இரும்புக் குளிசையை நிறுத்தட்டும், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு. இதை அவள் மேல் ஒரு குறையாக யாரும் பேச இடம் கொடுக்காதே; உன்னிடமிருந்தோ மச்சாளிடமிருந்தோதான் அது வந்திருக்கும். நீங்கள் இருவரும்கூட ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

எச்.பி.எல்.சி. றிப்போட் வந்ததும், வரைபடம் உள்ள பக்கத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை நாள் குறிக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்