சேகருக்கு, பாராடாங் போய் வந்த கதை

காட்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. முட்டி ஆபரேஷன் முடிந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு சமாதானமாயிற்று. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. இலவம்பாடி முள்ளுக்கத்தரி நன்றாக வந்துகொண்டிருக்கிறது. சட்டியைச் சுரண்ட நீதான் இல்லை.

அந்தமான் போய்விட்டு வந்து ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டியிருந்தாய். நியாயம்தான். நான் கப்பலில் போகத்தான் ஆசைப்பட்டேன். சென்னையிலிருந்து மூன்று நாள் என்றதும் வீட்டில் ஒரே போடாக மறுத்துவிட்டாள். விமானத்தில் இரண்டே கால் மணி நேரம். போர்ட் பிளேர் சுற்றியதை விட்டுவிடுகிறேன், சிறைச்சாலை எல்லாம் நீயே படித்திருப்பாய். பாராடாங் தீவுக் குகையைச் சொல்கிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம். அதற்கப்பால் ஜாரவா பழங்குடி மக்களின் காடு. வண்டிகளைக் கூட்டமாகத்தான் விடுகிறார்கள். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அவர்கள் இருப்பதே சில நூறு பேர். அவர்கள் வாசலை மிதித்துக்கொண்டு நாம் வேடிக்கை பார்க்கப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் போனேன், மறைப்பானேன்.

காடு முடிந்ததும் பேருந்தையே ஏற்றிக்கொள்ளும் படகில் நீரிணையைத் தாண்டி, அப்புறம் சின்ன மோட்டார் படகு. இருபுறமும் சுரபுன்னை, வேர்களைக் கால் மாதிரி சேற்றில் ஊன்றிக்கொண்டு. பிச்சாவரம் பார்த்தவன் நீ, ஆனால் அங்கே முதலை பயம் கிடையாது. இங்கே உப்புநீர் முதலை உண்டு, கையைத் தண்ணீரில் விடாதே என்று படகுக்காரர் இந்தியில் சொன்னார். எனக்குப் புரிந்த ஒரே இந்தி வாக்கியம் அதுதான்.

கரையிறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்தால் குகை. வாயில் அகலம், போகப் போக இருட்டு. வழிகாட்டி டார்ச் அடித்து யானைத் தலை, தாமரை என்று காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு அதில் நாட்டமில்லை. நான் பார்த்தது சொட்டுகிற தண்ணீரைத்தான். கூரையிலிருந்து ஆலம் விழுது மாதிரி சுண்ணாம்பு தொங்குகிறது, நுனியில் ஒரு துளி. அது விழுகிற இடத்தில் தரையிலிருந்து இன்னொன்று மேலே எழும்புகிறது. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து தூணாகிவிட்டன.

எப்படி என்று வழியெல்லாம் யோசித்தேன். பள்ளிக்கூட வாசலில் கோலி சோடா குடிப்போமே, அதே கதை. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு லேசான புளிப்பாகிறது, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டே வருகிறது. குகையின் காற்றுக்கு வந்ததும் வாயு போய்விடுகிறது, சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. பொதுவாக வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வளருமாம். நாம் பிறந்த அன்று சொட்ட ஆரம்பித்திருந்தால், இந்த அறுபத்து நாலு வருஷத்தில் சுண்டுவிரல் நகமளவுகூட வந்திருக்குமோ என்னவோ! தொட்டால் கை எண்ணெய் பட்டுக் கறுத்து, வளர்ச்சியும் நின்றுவிடும். தொடாதீர்கள் என்று எழுதியும், கை எட்டுகிற உயரத்தில் எல்லாமே கறுப்புதான்.

வள்ளிமலைக்கு நாம் சைக்கிள் மிதித்துப் போனது ஞாபகம் வந்தது. அந்தச் சமணக் குகைக்குள் தீர்த்தங்கரரைத் தடவிப் பார்த்து, வௌவால் பறந்ததும் நீ அலறினாயே! (நான் அலறவில்லை, இருமினேன்.) நம் பாறையில் சிற்பி வந்து உளி வைத்தால்தான் உருவம். அங்கே தண்ணீரே சிற்பி, இன்னும் கூலி கேட்காமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. நம் பாலாற்றை ‘நீரில்லா ஆறு’ என்று ஊரார் கேலி செய்யக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது பெரிய விஷயம்டா.

பிறகு நீல் தீவு. 2018இல் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள், படகுக்காரர்கள் இன்னும் நீல் என்றே சொல்கிறார்கள். அங்கே பவளப்பாறையைக் கடல் குடைந்து பாலம் மாதிரி ஒரு வளைவு செய்திருக்கிறது. கடல் வற்றும்போதுதான் நடந்து போகலாம். பாறைக் குழிகளில் தங்கிய தண்ணீரில் கடல் அட்டை, நட்சத்திர மீன், நீல உதடு வைத்த பெரிய சிப்பி. கடல் ஏற ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், இறங்கவும் அவ்வளவே, தினமும் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும் என்று விடுதியில் அட்டவணையே ஒட்டியிருந்தார்கள். எனக்கெதற்கு அட்டவணை? மறுநாள் அதே நேரத்துக்குத் தனியாகப் போனேன். பாறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு குழியை உட்கார்ந்து பார்த்ததில் நேரம் போனது தெரியவில்லை. நிமிர்ந்தபோது முழங்கால் வரை தண்ணீர், செருப்பைக் காணோம். இளநீர் விற்கிற பையன் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தான். “இன்னாடா இது” என்று என்னை அறியாமல் வாயில் வந்தது. அந்தப் பையன் சிரித்தான், அவன் அம்மா ராமநாதபுரமாம்!

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. போர்ட் பிளேர் பக்கம் சிப்பிகாட் என்ற இடத்தில் வயலெல்லாம் கடல் தண்ணீர். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் அங்கே தரை ஒரு மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. வடமேற்கே அதே நாளில் பவளத்திட்டுகள் கடலுக்கு மேலே எழும்பிவிட்டன. ஒரே ஆட்டம், ஒரு பக்கம் வயல் போயிற்று, இன்னொரு பக்கம் பவளம் வெயிலில் காய்ந்து செத்தது.

கார்த்திகையில் பாலாற்றில் தண்ணீர் வந்தது, பாலத்தில் நின்று பார்த்தோம். இப்போது மறுபடி மணல்தான். மாசியில் முட்டி ஒத்துழைத்தால் கிளம்பி வா. வள்ளிமலை ஏற வேண்டாம், அடிவாரம் வரை ஆட்டோ போகும்.

நீ சங்கும் பவளமும் கேட்டிருந்தாய். அங்கே பவளத் துண்டுகூட எடுத்து வரக் கூடாது, பையைச் சோதிக்கிறார்கள். அதனால் உனக்காக வேறொன்று எடுத்து வைத்திருக்கிறேன். நம் போர்த் தண்ணீரில் பழுதான வாட்டர் ஹீட்டர் காயில். விரல் பருமனுக்கு வெள்ளையாகப் படிந்திருக்கிறது, ஆறே வருஷத்தில். பாராடாங் தோற்றது போ.

உன்,
பழனி